பூனைக்கு வீட்ல சமைக்கிறவங்க வாங்குற ப்ரீமிக்ஸ் பவுடர்: எட்டு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

மொதல்லயே சொல்லிடுறேன், கம்பெனி பேர் போடல. நல்லதும் சொல்லப் போறேன், வயிறெரிஞ்சு திட்டவும் போறேன், அதனால பேர் வேணாம். ப்ரீமிக்ஸ்னா வேற ஒண்ணுமில்ல, வீட்ல வேக வச்ச கறில இல்லாத சத்த சரிக்கட்ட அதுல கலக்கற பவுடர். கேட் ஃபுட் ப்ரீமிக்ஸ்னு ஆன்லைன்ல தேடுனா நாலஞ்சு வரும், நான் சொல்றதுல முக்காவாசி அது எல்லாத்துக்கும் பொருந்தும்.

எங்க வீட்டு ஆளு பேரு சுண்டல். ஆண், நாலரை வயசு, கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சு, மதுரை வெயிலுக்கு ஃபேனுக்கு நேர் கீழ டைல்ஸ்ல அப்பளம் மாதிரி விரிஞ்சு கெடப்பான். போன வருஷம் சித்திரை மாசம் ஒரு நாள் சாயங்காலத்துல இருந்து மணல் டப்பாக்குள்ள போறான், உக்காருறான், முக்குறான், ஒரு சொட்டு வரல, வெளிய வந்து கத்துறான். மலச்சிக்கல்னு நெனச்சு அசால்ட்டா விட்டுட்டேன். ராத்திரி பதினொண்ணு மணிக்கு வாந்தி எடுக்கவும்தான் பயந்து தூக்கிட்டு ஓடுனோம். யூரின் அடைப்பு. ஆண் பூனைக்கு அந்தக் குழாய் ரொம்ப ஒல்லி, அடைச்சுக்கிட்டா ரெண்டு நாள்ல உயிரே போயிரும்னு அன்னிக்குத்தான் தெரியும். ட்யூப் போட்டு மூணு நாள் வச்சிருந்து அனுப்புனாங்க. டாக்டர் சொன்னது, "தண்ணி உள்ள போகணும்மா. இவனா குடிக்க மாட்டான், சாப்பாட்டோடயே போகணும்". உலர் தீனில தண்ணி பத்து சதவீதம் இருந்தா பெருசு, கறில எழுபதுக்கு மேல இருக்கு.

கடைல விக்கிற 85 கிராம் பவுச் கொடுக்கலாம்னு பாத்தேன், ஒரு நாளைக்கு மூணு வேணும், மாசம் நாலாயிரத்தத் தொடுது. நம்ம வீட்ல மனுஷங்களுக்கே கறிக்கு அவ்ளோ ஆகாது. சரி நம்மளே வேக வச்சுக் கொடுப்போம்னு கோழி நெஞ்சுக்கறி, கொஞ்சம் சாதம், ஒரு துண்டு கேரட், நல்லா மசிச்சு நாலு மாசம் போட்டேன். ஆசையா சாப்ட்டான், முடி பளபளன்னு ஆச்சு, நானும் பெருமையா ஸ்டேட்டஸ் எல்லாம் வச்சேன்.

செக்கப்புக்குப் போனப்ப டாக்டர் என்ன போடுறீங்கன்னு கேட்டாரு, சொன்னேன். பேனாவ மூடி வச்சுட்டு, "கால்சியத்துக்கு என்ன பண்றீங்க, டாரினுக்கு என்ன பண்றீங்க"ன்னாரு. நான் முழிக்கிறேன். கேரட் போடுறேன் சார்னேன். சிரிச்சுட்டாரு மனுஷன். கேரட்ல இருக்கறத வைட்டமின் ஏ-வா மாத்திக்க நமக்கு முடியும், பூனைக்கு முடியாது, அதுக்கு ஈரல்ல இருக்கற மாதிரி ரெடிமேடா வேணும். வெயில்ல கெடந்து வைட்டமின் டி எடுத்துக்கும்னு நெனச்சிருந்தேன், அதுவும் பூனைக்குப் பத்தாதாம், சாப்பாட்டுலதான் வரணும்.

கால்சியம் கணக்குதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எலும்பில்லாத கோழிக்கறில பாஸ்பரஸ் எக்கச்சக்கம், கால்சியம் சும்மா பேருக்கு, கிட்டத்தட்ட ஒண்ணுக்குப் பதினஞ்சு இருபதுன்னு நிக்குது. பூனைக்கு ரெண்டும் ஏறக்குறைய சமமா, கால்சியம் ஒரு பிடி கூட இருக்கணும். வெறும் கறி போட்டுக்கிட்டே இருந்தா ஒடம்பு என்ன பண்ணும், ரத்தத்துல கால்சியத்த சரிக்கட்ட எலும்புல இருந்து உருவும். பெரிய பூனைன்னா மெதுவாத்தான் தெரியும், குட்டின்னா சோஃபாவுல இருந்து குதிச்சாலே கால் ஒடஞ்சுரும். எங்க பக்கத்துத் தெருவுல ஒரு குட்டிக்கு அப்பிடித்தான் ஆச்சு, அதுக்கும் பாசமா நெஞ்சுக்கறி மட்டும்தான் போட்டாங்க.

அடுத்தது டாரின். இது ஒரு அமினோ ஆசிட் மாதிரி, கறிலயும் மீன்லயும்தான் இருக்கு, செடிகொடில கெடையாது. பூனை ஒடம்பு இத தேவையான அளவுக்குத் தானா செஞ்சுக்காது. கொறஞ்சா மொதல்ல கண்ணு போகும், இதயம் பலூன் மாதிரி வீங்கித் தொங்கிரும். 1970கள்லயே கண்ணு விஷயம் கண்டுபிடிச்சாச்சு, இதயம் விஷயத்த 1987ல கலிபோர்னியா டேவிஸ்ல இருக்கற கால்நடை டாக்டருங்க கண்டுபிடிச்சாங்க. அதுல விசேஷம் என்னன்னா அந்தப் பூனைங்க சாப்ட்டது வீட்டுச் சாப்பாடு கெடையாது, கடைல விக்கிற பிராண்டு தீனி. அதுலயே டாரின் பத்தாம இருந்துருக்கு, கூடுதலா கொடுக்கவும் இதயம் சரியாகி வந்துருக்கு. அதுக்கப்புறம்தான் கம்பெனிக்காரங்க எல்லாரும் அளவ ஏத்துனாங்க. கம்பெனியே கோட்ட விட்ட எடத்துல நான் கேரட்ட வச்சு சமாளிச்சுக்கிட்டு இருந்துருக்கேன்.

நெட்ல ரெசிபி இருக்கே, அதப் பாத்து செய்யலாமேன்னு கேப்பீங்க, நானும் அப்பிடித்தான் கெளம்புனேன். அதே டேவிஸ் ஆளுங்க 2019ல 114 ரெசிபிய எடுத்து அலசி வெளியிட்டாங்க, புக்குல வந்தது, வெப்சைட்ல வந்தது, டாக்டருங்க எழுதுனது எல்லாம் சேத்து. அதுல 94 ரெசிபிக்குத்தான் கணக்கே போட முடிஞ்சுது, மத்ததெல்லாம் "கொஞ்சம் ஈரல், தேவையான வைட்டமின்"னு நம்ம பாட்டி கைப்பக்குவம் மாதிரி எழுதி வச்சிருக்காங்க. ஒண்ணு கூட முழுசா தேறல. அதப் படிச்ச அன்னிக்குத்தான் பவுடர் ஆர்டர் போட்டேன்.

சரி பவுடருக்கு வருவோம். 200 கிராம் டப்பா, நான் வாங்குனப்ப 1,150 ரூபா, டெலிவரி ஃப்ரீ. ஒரு கிலோ கறிக்கு 20 கிராம், அப்ப ஒரு டப்பா பத்து கிலோவுக்கு வரும். உள்ள கால்சியம், டாரின், ஜிங்க், காப்பர், மாங்கனீஸ், அயோடின், வைட்டமின் டி, ஈ, பி வகையறா எல்லாம் கலந்து இருக்கு. வைட்டமின் ஏ-க்கு ஈரல நாம போடணும். கலர் வெளிறுன மஞ்சள், தொறந்தா ஸ்கூல்ல கொடுப்பாங்களே சத்து மாத்திரை, அந்த வாடை லேசா, கூட கொஞ்சம் ஈஸ்ட் வாடை. சுண்டல் டப்பாவ மோந்து பாத்துட்டு மண்ணத் தள்ளி மூடுற மாதிரி காலால தரையப் பரண்டிட்டுப் போயிட்டான். அதாவது இது குப்பைன்னு அர்த்தம்.

செய்முறை அவங்க பேப்பர்ல இருக்கு. தோல் கொஞ்சம் இருக்கற தொடைக்கறி 850 கிராம், கோழி ஹார்ட் 100 கிராம், ஈரல் 50 கிராம், தண்ணி 150 மில்லி, மீன் எண்ணெய் மாத்திரை ரெண்டு, பவுடர் 20 கிராம். ஏன் நெஞ்சுக்கறி இல்லாம தொடைன்னா தொடைல டாரினும் கொழுப்பும் ஜாஸ்தி, ஹார்ட்ல அதவிட ஜாஸ்தி. ஈரல் நல்லதாச்சேன்னு அள்ளிப் போட்டுராதீங்க, தெனமும் நெறைய ஈரல் தின்ன பூனைக்கு வைட்டமின் ஏ ஓவராகி கழுத்தெலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், தலையத் திருப்ப முடியாது. 50 கிராம்னா 50 கிராம்தான்.

மீன் எண்ணெய்ல ஒரு குழி இருக்கு. மெடிக்கல்ல போய் மீன் மாத்திரைன்னு கேட்டா காட் லிவர் ஆயில எடுத்து நீட்டுவாங்க. அது மீனோட ஈரல்ல இருந்து எடுக்கறது, அதுல ஏயும் டியும் இருக்கு, ஏற்கனவே ஈரலும் பவுடரும் போடுறோம், அதுக்கு மேல இது வேணாம். சாதா மீன் எண்ணெய், ஒமேகா 3னு போட்டிருக்கும், அதத்தான் வாங்கணும். நான் காசு கொடுத்துட்டு கதவு வரைக்கும் வந்து டப்பாவத் திருப்பிப் பாத்துட்டு மாத்தி வாங்குனேன்.

கறிக்கடை பாய் கிட்ட மொத நாள் போய் பூனைக்குன்னு சொல்லிட்டேன், அதான் தப்பு. "பூனைக்காக்கா? வேஸ்ட்டு இருக்கு, சும்மாவே எடுத்துட்டுப் போங்க"ன்னு கழுத்து, குடல், காலு எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டுட்டாரு. இல்ல பாய், தொடைல எலும்பு எடுத்து ஒரு கிலோ, ஹார்ட் மட்டும் தனியா நூறு கிராம்னேன். ஒரு நிமிஷம் என்னையப் பாத்தாரு, பக்கத்துல நின்ன பையன் கிட்ட, "டேய் பூனை அக்காவுக்குத் தொடை போடு"ன்னாரு. அன்னில இருந்து அந்த ஏரியால எனக்கு அதான் பேரு. இப்ப ஞாயித்துக்கெழமை நான் போறதுக்கு முன்னாடியே ஹார்ட் தனியா எடுத்து வச்சிருப்பாரு, மனசு தங்கம்.

செய்யறது எப்பிடின்னா, கறிய சின்னதா நறுக்கி அந்த 150 மில்லி தண்ணிலயே மூடி போட்டு வேக வைக்கணும், குக்கர் வேணாம், பத்து பதினஞ்சு நிமிஷம் போதும். டாரின் தண்ணில கரையும், அதனால வெந்த தண்ணியக் கீழ ஊத்துனா நீங்க காசு கொடுத்து வாங்குனதக் கீழ ஊத்துறீங்கன்னு அர்த்தம். அப்புறம் ஆற விட்டு மிக்ஸில ஒரு சுத்து, கைபொறுக்கற சூடு கூட இருக்கக் கூடாது, அப்பத்தான் பவுடரக் கலக்கணும். சூட்டுல போட்டா பி1 மாதிரி வைட்டமின் வீணாப் போகும். பேப்பர்ல இத குட்டி எழுத்துல கடைசி வரில போட்டிருக்காங்க, மேல பெருசா போட வேண்டியது.

பச்சையா ஏன் கொடுக்கலன்னு சிலர் கேக்கறாங்க. காடு மேடுல அப்பிடித்தானே தின்னுதுன்னு. காட்டுல அது எலிய முழுசா, எலும்பு ரத்தம் குடல் எல்லாத்தோடயும் தின்னுது, நம்ம கடைல தொங்குற கோழி அப்பிடி இல்ல. 2024 கடைசில அமெரிக்காவுல பச்சைக்கறி தீனி தின்ன பூனைங்க பறவைக் காய்ச்சல் வந்து செத்துருக்கு. எனக்கு அந்த ரிஸ்க் வேணாம். வேக வச்ச எலும்பு மட்டும் எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீங்க, ஊசி மாதிரி ஒடையும்.

இதுல அம்மா ஒரு தனி அத்தியாயம். நான் ஊர்ல இல்லாத ஒரு வாரம் அம்மா கிட்ட பொறுப்பக் கொடுத்துட்டுப் போனேன். போன்ல கேக்கறேன், "ஒண்ணும் பண்ணலடி, வாடை அடிக்குதுன்னு துளி மஞ்சத்தூளு, ரெண்டு சின்ன வெங்காயம் தட்டிப் போட்டேன்"ங்கறாங்க. எனக்கு நெஞ்சு நின்னுருச்சு. வெங்காயம், பூண்டு ரெண்டுமே பூனையோட ரத்தத்துல செவப்பணுவ ஒடைச்சுரும். நல்லவேளை மோந்து பாத்துட்டு சாப்பிடல, அம்மாவுக்குத்தான் கோவம், "நாங்க வளத்த பூனையெல்லாம் மோர்ச்சோறும் நெத்திலிக் கருவாடும் தின்னு பன்னெண்டு வருஷம் இருந்துச்சு"ன்னு. அது உண்மைதான், ஆனா அந்தப் பூனை ராத்திரி பூரா வைக்கோல்போர்ல எலி புடிச்சுச்சு, மோர்ச்சோறு அதுக்கு சைடு டிஷ்ஷு. சுண்டல் பல்லியப் பாத்தா பாத்ரூமுக்குள்ள ஓடுற ஆளு.

மாத்தறதுக்கு மூணு வாரம் ஆச்சு. பழைய சாப்பாட்டுல ஒரு ஸ்பூன் புதுசு, நாலு நாள் கழிச்சு ரெண்டு ஸ்பூன், இப்பிடி. பசிச்சா தானா திங்கும்னு பட்டினி போட்டுராதீங்க, நாய்க்கு அது சரியா வரலாம், பூனை ரெண்டு மூணு நாள் திங்காம இருந்தா ஈரல்ல கொழுப்பு ஏறி சீரியஸ் ஆயிரும், குண்டுப் பூனைன்னா இன்னும் மோசம். சுண்டலுக்கு முழு 20 கிராம் வாடை புடிக்கல, மொத வாரம் பாதி போட்டு ஏத்துனேன். இன்னொண்ணு, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அப்பிடியே வச்சா திரும்பிக் கூட பாக்க மாட்டான், கிண்ணத்த சுடுதண்ணில அஞ்சு நிமிஷம் ஒக்கார வச்சு லேசா வெதுவெதுன்னு வச்சாத்தான் வாசனை ஏறி வருவான்.

இப்ப அந்த வயித்தெரிச்சல். ரெண்டாவது டப்பா வந்துச்சு, அதே சைஸ், அதே பச்சை லேபிள், அதே பூனை படம். வழக்கம் போல 20 கிராம் போட்டுக் கலக்குனேன். மொத டப்பால எல்லாம் கலக்கி முடிச்சதும் பாத்திரத்தோட ஓரத்துல சுண்ணாம்பு தடவுன மாதிரி ஒரு வெள்ளை படியும், கழுவுறப்ப கைல நறநறன்னு இருக்கும். இதுல அது இல்ல. நைஸா அரைச்சுட்டாங்க போல, பரவால்லயேன்னு நெனச்சேன். பத்து நாள்ல மணல் டப்பாவுல வித்தியாசம் தெரிஞ்சுது. முன்னாடி கெட்டியா, வெளிர் காப்பி கலர்ல இருக்கும், இப்ப கருப்பா, கொழகொழன்னு. வயிறு சரியில்லன்னு ரெண்டு நாள் பாத்தேன், அப்பறமும் அதே. மூணாவது வாரம்தான் எதுக்கும் பாப்போம்னு லேபிள போன்ல போட்டோ எடுத்து பெருசு பண்ணிப் படிச்சேன். அடில குட்டியா ஒரு வரி, எலும்போடு அரைத்த கறிக்கு மட்டும்னு. கால்சியமே கெடையாது அதுல! எலும்பு அரைச்சுப் போடறவங்களுக்குன்னு தனியா ஒரு வகை, கிலோவுக்கு 12 கிராம்தான் போடணும். நான் 20 போட்டு, கால்சியம் சுத்தமா இல்லாம, மத்ததெல்லாம் ஓவரா மூணு வாரம் கொடுத்துருக்கேன்.

நான் ஆர்டர் போட்டது எலும்பில்லா கறிக்கு உள்ளது, ரசீதுலயும் அப்பிடித்தான் இருக்கு, அனுப்புனது வேற. சாட்ல கேட்டா "டியர் பெட் பேரண்ட், உங்கள் செல்லத்தின் நலனே எங்கள் நலன்"னு ஒரு மெசேஜ், இதயம் படம் வேற. நாலு நாள் கழிச்சு ஒரு பொண்ணு போன் பண்ணி, ஸாரி மேடம், பேக்கிங்ல மாறிருச்சுன்னு சொல்லிட்டு சரியான டப்பா அனுப்புனாங்க, பழச திருப்பிக் கேக்கல. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. ரெண்டு வகையையும் ஒரே கலர்ல அடிக்கணும்னு முடிவு பண்ணது யாரோ, அவங்க வீட்ல பூனை கெடையாதுன்னு நெனைக்கிறேன். டாக்டர் ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, வளந்த பூனை, மூணு வாரம்தான், ஒண்ணும் இல்லன்னாரு. குட்டியா இருந்தா இந்தப் பேச்சே வேற. என் தப்பும் இருக்கு, ரெண்டாவது டப்பான்னு பேப்பர விரிச்சே பாக்கல.

சரியான டப்பா வர்ற அந்த ஒரு வாரம் முட்டை ஓடுதான் காப்பாத்துச்சு. முட்டை ஓட்டக் கழுவி, கொதிக்க வச்சு, காய வச்சு மிக்ஸில மாவா அரைச்சா ஒரு டீஸ்பூன்ல, அதாவது அஞ்சு கிராம் சுமாருல, ரெண்டு கிராம் கால்சியம் இருக்கும். எலும்பில்லாத ஒரு கிலோ கறிக்கு அதான் கணக்கு. அதயும் 12 கிராம் பவுடரையும் சேத்துப் போட்டு ஓட்டுங்கன்னு டாக்டரே சொன்னாரு. இதக் கேட்டுட்டு அப்ப முட்டை ஓடே போதுமே, பவுடர் எதுக்குன்னு கெளம்பிராதீங்க, முட்டை ஓடு கால்சியத்த மட்டும்தான் அடைக்கும், ஜிங்க், அயோடின், டி, ஈ எல்லாம் ஓட்டையா நிக்கும்.

இன்னொரு குறை, லேபிள்ல டாரின் இருக்குன்னு போட்டிருக்கானே தவிர எவ்ளோன்னு போடல. 1987 கதைக்கு அப்புறமும் ஒருத்தன் நம்பர் போடாம டாரின் விக்கிறான்னா என்ன தைரியம். கேட்டு வாங்குனேன், ஒரு கிலோவுக்குப் போடற 20 கிராம்ல 2 கிராம் டாரின்னு மெயில்ல சொன்னாங்க. அமெரிக்காவுல ஆஃப்கோன்னு ஒரு அமைப்பு அளவு சொல்லுது, டின் தீனின்னா தண்ணிய நீக்குன எடைல 0.2 சதவீதமாவது டாரின் வேணும். ஒரு கிலோ கறில தண்ணி போக கால் கிலோ சொச்சம் நிக்கும், அதுக்கு அரை கிராம் சொச்சம் போதும். 2 கிராம்னா தாராளம், கூடுனாலும் கெடுதல் இல்ல, யூரின்ல போயிரும். நல்ல விஷயம்தான், அத டப்பா மேல போட என்ன கேடு?

ஸ்பூன் ஒண்ணு உள்ள இருக்கு, அத நம்பாதீங்க. தட்டி நெரப்புனா 11 கிராம், லேசா அள்ளுனா 7. நகைக்கடைல வைப்பாங்களே அந்த மாதிரி குட்டித் தராசு நானூறு ரூபாக்கு கெடைக்குது, அதுல நிறுத்துப் போடுங்க. மழை மாசத்துல பவுடர் கட்டி புடிக்குது, நான் சின்ன பாட்டில்ல ரெண்டு வாரத்துக்கு மட்டும் வெளிய வச்சுக்கிட்டு மிச்சத்த ஃப்ரிட்ஜ்ல வைக்கிறேன்.

செலவு: ஒரு கிலோ போட்டா சுண்டலுக்கு ஏழு நாள். மாசம் கறி சுமார் 1,450, பவுடர் 500, மீன் மாத்திரை நூறு. ரெண்டாயிரத்துச் சொச்சம். பவுச்ச விட பாதி, உலர் தீனிய விட மூணு மடங்கு. ஞாயித்துக்கெழமை ஒரு மணி நேரம் போகும். சின்ன சின்ன டப்பால நாள் வாரியா ஃப்ரீசர்ல வச்சிருவேன், கரண்டு ரொம்ப நேரம் போனா மட்டும் டென்ஷன்.

ரிசல்ட்டு கேட்டீங்கன்னா, எடை 5.2ல இருந்து 4.7க்கு வந்துருக்கு, மணல் டப்பாவுல யூரின் பட்டு மணல் கட்டுற கட்டி முன்ன விட பெருசா விழுது, அதாவது ஒழுங்கா போறான், அடைப்பு திரும்ப வரல. பவுடராலயா, தண்ணிச்சத்தாலயா, எடை கொறஞ்சதாலயா தெரியாது, தண்ணியாலன்னுதான் என் கணிப்பு. பவுடர் மருந்து கெடையாது, அப்பிடி விளம்பரம் பண்றவன நம்பாதீங்க. கிட்னி பிரச்சனை உள்ள பூனை, ஒரு வயசுக்குள்ள குட்டி, சினைப் பூனை வச்சிருக்கறவங்க டாக்டரக் கேக்காம இதத் தொடாதீங்க, அவங்களுக்குக் கணக்கே வேற. கோழிய எடுத்துட்டு மீனப் போடுறேன், ஹார்ட் கெடைக்கல அதனால விட்டுட்டேன்னு இஷ்டத்துக்கு மாத்துறவங்களுக்கும் இது சரிப்படாது, பவுடர் அந்த 850, 100, 50க்குத்தான் கணக்கு போட்டு செஞ்சது. மீனுன்னா மத்தி, நெத்திலி மாதிரி வகைய பச்சையா தெனம் போட்டா பி1ஐயே அது அழிச்சுரும்.

அஞ்சுக்கு மூணரை கொடுப்பேன். ஒண்ணரை கொறைச்சது லேபிளுக்கு, உள்ள இருக்கற சரக்குக்கு இல்ல. நாலாவது டப்பா நேத்து வந்துச்சு, இப்பவும் ரெண்டும் ஒரே பச்சைதான். சரியானதுதானான்னு பாத்துட்டு மூடி மேல மார்க்கர்ல பெருசா எலும்பில்லாதது, 20ன்னு எழுதி வச்சுட்டேன், கீழ அம்மாவுக்காக வெங்காயம் வேணாம்னு.